இருபது மெடல், ஒரே நம்பர்

எனக்கு இங்கிலீஷ் தெரியாது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் இருந்த உறவு முடிந்துவிட்டது. தமிழே தட்டுத்தடுமாறித்தான் எழுதுவேன். ஆனால் ஒரே ஒரு மனிதரின் பெயரையும் நம்பரையும் இங்கிலீஷில் கண்ணை மூடிக்கொண்டு வெட்டுவேன். காகிதத்தில் எழுதச் சொன்னால் வராது. உளியைக் கொடுத்து ஒரு தகட்டையும் கொடுத்தால் கை தானாகப் போகும்.

சுவாமிமலையில் இறங்கி மெடல் பட்டறை எங்கே என்று கேட்டால் என் வாசலில் கொண்டுவந்து விடுவார்கள். சிலை வார்க்கிறவர்கள் இங்கே தெருவுக்குத் தெரு உண்டு. மெடல் என்றால் நான்தான். சென்னையிலிருந்து பழைய மெடல் சேகரிக்கிறவர்கள் கார் போட்டுக்கொண்டு வருகிறார்கள். ஒரத்தநாட்டிலிருந்தும் பட்டுக்கோட்டையிலிருந்தும் குடும்பத்தார் வருகிறார்கள். தாத்தா வாங்கிய மெடல் பெரியப்பா வீட்டில் மாட்டிக்கொண்டது, நமக்கும் ஒன்று வேண்டும் என்பார்கள். அசலையும் என் நகலையும் ஒரே தட்டில் வைத்து நீட்டினால் கொண்டுவந்தவர்களே முழிப்பார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொல்ல மாட்டேன். பெருமைதான். கீற்றுக் கொட்டகையில் ஒற்றை உலையோடு தொடங்கியவன் இன்று மூன்று பட்டறை வைத்திருக்கிறேன்.

ஒன்றை மட்டும் செய்ய மாட்டேன். பட்டாளத்து மெடலின் ஓரத்தில், காசுக்கு விளிம்பு இருக்கிறதே அந்த இடத்தில், அதை வாங்கியவரின் நம்பரும் பெயரும் பொடி எழுத்தில் இருக்கும். நகலில் அந்த ஓரத்தை மொழுமொழுவென்று விட்டுவிடுவேன். எவ்வளவு கெஞ்சினாலும் சரி. என் மகன்கூட, "அப்பா, வர்ற பார்ட்டிய எல்லாம் விரட்டுறீங்க" என்று சலித்துக்கொள்கிறான். காரணம் கேட்டவர்களுக்கு வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கிறேன். சட்டம் என்பேன், கண் பார்வை என்பேன். உண்மையான காரணம் ஒரு பட்டாளத்துக்காரர். அவர் பெயரை இங்கே எழுத எனக்கு அனுமதி இல்லை.

அவரை முதலில் பார்த்தது என் கொட்டகை வாசலில். சித்திரை வெயில். ஒரு ஆள் குடையும் இல்லாமல் தெருவில் விறைப்பாக நிற்கிறார். வெளுத்துப்போன காக்கிச் சட்டை, முழங்கால் வரை வேட்டி, கத்தரித்த மீசை. பஸ்ஸுக்கு நிற்கிறார் போலிருக்கிறது என்று நான் அரத்தைக் கீழே வைக்காமல் வேலை செய்துகொண்டிருந்தேன். என் மனைவிதான் எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "அந்த ஆளு ரொம்ப நேரமா நம்ம கொட்டாயத்தான் பாத்துக்கிட்டு நிக்கிறாரு" என்றாள். போய்க் கேட்டேன்.

"என்னங்க வேணும்?"

"உள்ள வரலாங்களா?"

"வாங்களேன். யாரு தடுத்தா?"

"தடுக்கலீங்க. வரச் சொல்லணுமில்ல?"

காவிரிக்கு அக்கரையில் ஒரு பெரிய பண்ணை. அந்தப் பண்ணையின் கூலிக்காரத் தெருவில் பிறந்தவர் அவர். சண்டைக்காலத்தில் பட்டாளத்தில் சேர்ந்து, ஹவில்தாராகத் திரும்பி வந்து, பண்ணையில் களத்துக் காவல் பார்த்தார். தெருவை வைத்து ஊருக்குப் பயந்துதான் வாசலில் நிற்கிறார் என்று முதலில் நினைத்தேன். அப்புறம் ஒரு நாள் அவர் வீட்டுக்குப் போனபோது பார்த்தால், மனிதர் தன் சொந்தக் குடிசை வாசலிலும் அப்படியே நிற்கிறார். உள்ளேயிருந்து அவர் சம்சாரம் குரல் கொடுத்தாள்.

"வாங்களேன், உங்க வீட்டுக்குள்ள வர்றதுக்கும் தந்தி அடிக்கணுமா?"

அதன்பிறகுதான் குனிந்து உள்ளே போனார். ஐந்தாறு வயதில் ஒரு பெண் குழந்தை, அதுவும் அப்பாவைப் போலவே வாசலில் விறைத்து நின்று, "வரலாங்களா?" என்று கேட்டுச் சிரித்தது.

அன்று அவர் என்னிடம் வந்தது ஒரு ஊசி பற்றவைக்க. சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையில் சுற்றிய மெடலை எடுத்தார். வெள்ளை உலோகம், ஒரு பக்கம் சிங்கத் தலைகள், மேலே ரிப்பன் மாட்டும் பட்டை. பின்ஊசி உடைந்திருந்தது.

"எந்தச் சண்டையில குடுத்தாங்க அண்ணே?"

"சண்டைக்கு இல்ல தம்பி. நன்னடத்தைக்கு. பதினெட்டு வருஷம். என் புக்குல சிவப்பு மை கிடையாது."

பட்டாளத்தில் ஆளுக்கு ஒரு புத்தகமாம். தப்புச் செய்து தண்டனை வாங்கினால் அதைச் சிவப்பு மையில் எழுதுவார்களாம். வேலை, சம்பளம், லீவு எல்லாம் வேறு மை. பதினெட்டு வருஷமும் சிவப்பு விழாதவனுக்கு இந்த மெடல். அவர் பேச்சில் பாதி இந்த மைதான். நான் உலையை மூடாமல் போனால், "தம்பிக்கு இன்னிக்கு ஒரு சிவப்பு மை" என்பார். டீக்கடைக்காரன் எச்சில் கிளாஸைக் கழுவாமல் கொடுத்தால் அவனுக்கும் சிவப்பு மை.

இன்னொன்று, அவர் யார் எது சொன்னாலும் கேட்பார்: "உத்தரவுங்களா?" உத்தரவு என்று சொல்லிவிட்டால் போதும், செய்து முடித்துவிட்டுத்தான் தண்ணீர் குடிப்பார். உத்தரவை மறுக்கவும் தெரியாது, பொய் சொல்லவும் தெரியாது. இந்த இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தால் என்ன ஆகும் என்பதை அறுவடைக் களத்தில் நான் கண்ணால் பார்த்தேன்.

கழக ஆட்சி வந்த புதிது. அறுவடைக் கூலியை இவ்வளவு நெல் என்று ஏற்றிக் கொடுக்கச் சொல்லி எங்கள் பக்கம் பேச்சு. பண்ணைகள் காதில் வாங்கவில்லை. கூலிக்காரத் தெருக்களில் சிவப்புக் கொடி ஏறிவிட்டது. களத்தில் கூலி அளக்க இரண்டு மரக்கால் இருக்கும். ஒன்று சரியான மரக்கால். இன்னொன்று அடி தட்டி உள்ளே தூக்கிய சின்ன மரக்கால். அன்று காரியக்காரர் பட்டாளத்தாரைக் கூப்பிட்டு, "நீயே அள. நீ அளந்தா அவனுங்க சந்தேகப்பட மாட்டானுங்க" என்று சின்னதை நீட்டினார். காரியக்காரர் என்றால் பண்ணையின் எல்லா நிர்வாகமும் அவர் கைதான். முதலாளி கும்பகோணத்தில் சீட்டாடிக்கொண்டிருப்பார்.

"இது சின்னதுங்களே. உத்தரவுங்களா?"

"உத்தரவுதான்யா. அள."

மனிதர் நெற்குவியல் பக்கம் விறைத்து நின்றார். பரேடு மைதானத்துக் குரலில் தொடங்கினார்.

"சின்ன மரக்கால் ஒண்ணு! சின்ன மரக்கால் ரெண்டு! சின்ன மரக்கால் மூணு!"

களமே சிரித்தது. அறுத்துக் களைத்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். காரியக்காரர் முகம் கறுத்துவிட்டது. "யோவ், வாயை மூடிக்கிட்டு அள" என்றார். அதற்கும் "உத்தரவுங்களா?" என்று கேட்டுவிட்டு வாயை மூடி அளந்தார். ஆனால் ஒவ்வொரு மரக்காலையும் மேலே தூக்கி, அடியை எல்லோருக்கும் காட்டிவிட்டுக் கொட்டினார். நானும் அன்று சிரித்தேன். காரியக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் பட்டாளத்தாரைப் பார்த்த பார்வை எனக்கு அப்போதே பிடிக்கவில்லை.

தெருவில் சங்கத்துக்குத் தலைவன் வேறு யாருமில்லை, பட்டாளத்தாரின் மச்சான். அவர் சம்சாரத்தின் தம்பி. துடுக்கான பையன், ஆனால் நெஞ்சில் விஷமில்லாதவன். மாமாவை எங்கே கண்டாலும் வம்புக்கு இழுப்பான்.

"மாமா, உங்க உத்தரவெல்லாம் எப்ப முடியும்? பென்சன் வாங்கியும் பரேடா?"

"போடா. உனக்கு இன்னிக்கு ரெண்டு சிவப்பு மை."

"எங்க கொடியே சிவப்புதான் மாமா. உங்க மைக்கு நாங்க எங்க பயப்படப்போறோம்? அந்த மெடல வீட்ல வெச்சுட்டு எங்ககூட வந்து உக்காருங்க."

"மனு முடியட்டும்டா. மனு முடியட்டும்."

மனு என்றது நிலத்துக்கு. பட்டாளத்திலிருந்து வந்தவர்களுக்குச் சர்க்கார் புறம்போக்கில் நிலம் கொடுக்கும். வாய்க்கால் கரையோரம் இரண்டு ஏக்கரைக் காட்டி அவர் எழுதிப் போட்டிருந்தார். நன்னடத்தையுள்ளவர், வழக்கு வம்பில்லாதவர் என்று ஊரில் பெரிய மனிதர் எழுதித் தர வேண்டும். பெரிய மனிதர் என்றால் பண்ணை. மனுவின் நகலை எண்ணெய்த் துணியில் மடித்து இடுப்பிலேயே வைத்திருந்தார். பண்ணையின் நெல்லை அளந்தது, பண்ணையின் களத்தில் நின்றது எல்லாம் அந்த இரண்டு ஏக்கருக்காக. தெருவில் ஒரு தலைமுறையாவது சொந்த வரப்பில் நடக்க வேண்டும் என்று என்னிடம் ஒரு முறை சொன்னார். ஒரே முறைதான். அவர் ஆசைகளை அதிகம் பேசுகிறவர் இல்லை.

அந்த வருஷம் குறுவை அறுப்புக்கு உள்ளூர் ஆட்கள் இறங்க மாட்டோம் என்றார்கள். பண்ணை வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்தது. லாரி வருகிற நாளென்றால் டெல்டாவில் கடைக்காரன் பாதிக் கதவைச் சாத்திவிட்டுத்தான் வியாபாரம் செய்வான். பட்டாளத்தார் மெடலைக் குத்திக்கொண்டு வரப்பில் நின்றார். பந்தோபஸ்துக்கு வந்த போலீஸ்காரர் ஒருவர், அவரும் பழைய பட்டாளம் போலிருக்கிறது, மெடலைப் பார்த்ததும் சல்யூட் அடித்தார். மறிக்க வந்த தெரு ஜனங்கள்கூட அவரைப் பார்த்து ஒரு கணம் தயங்கினார்கள். வெளியூர் ஆட்கள் இறங்கிவிட்டார்கள். அன்று அடிதடி இல்லை. காரியக்காரர் இதை எல்லாம் புளியமரத்தடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

சம்பா அறுப்புக்கு முன்னால் காரியக்காரரே என் கொட்டகைக்கு வந்தார். கையில் பட்டாளத்தாரின் மெடல்.

"இதே மாதிரி இருபது வேணும். இம்மி பிசகக் கூடாது. போலீஸ்காரன் பாத்தாலும் அசலுன்னு சல்யூட் அடிக்கணும்."

"யாருக்குங்க?"

"காவலுக்கு இருபது பேர் வர்றான். ஒரு மெடலுக்கே களம் அடங்குதுன்னா, இருபது மெடலுக்கு?"

வந்தவர்கள் யாரும் பட்டாளத்தின் பக்கம் தலைவைத்துப் படுத்தவர்கள் இல்லை. கள்ளச்சாராயக் கூட்டத்திலும் சந்தையிலும் பொறுக்கிச் சேர்த்த ஆட்கள். எனக்கு அதெல்லாம் தோன்றவில்லை. தோன்றியது ஒன்றுதான்: என் கைக்கு வந்த முதல் பெரிய வேலை. என் கொட்டகை நின்ற நாலு சென்ட் மனையும் அந்தப் பண்ணையுடையதுதான், மாட்டேன் என்று சொல்ல முடியாது என்று இப்போது சமாதானம் சொல்லலாம். உண்மை அதுவல்ல. எனக்கு ஆசையாக இருந்தது.

காவிரி வண்டலைத் துணியில் சலித்து, மாவாகப் பிசைந்து, மெடலை அதில் அழுத்தி அச்செடுத்தேன். மெழுகில் இருபது பிரதி. ஜெர்மன் சில்வரை உருக்கி ஊற்றினேன். சிங்கத்தின் மீசைகூட விழுந்தது. ஓரத்து எழுத்து மட்டும் சரியாக விழவில்லை. அது என்ன எழுத்து என்று எனக்குத் தெரியாது. கும்பகோணத்துப் பாத்திரங்களில் விளிம்பில் கடை முத்திரையும் எடையும் அடித்திருப்பார்கள், எல்லாப் பாத்திரத்திலும் இருக்கும். இதுவும் காசு அடிக்கிற சர்க்கார் கம்பட்டத்தின் முத்திரை, எல்லா மெடலிலும் இப்படித்தான் இருக்கும், இது இல்லாவிட்டால் கள்ள மெடல் என்று கண்டுபிடித்துவிடுவார்கள் என்று நினைத்தேன். சிலைப் பட்டறையில் எனக்குச் சொல்லிக் கொடுத்தது, மூலத்தில் இருக்கிற ஒரு கோட்டையும் விடக் கூடாது என்று. உட்கார்ந்து ஒவ்வொன்றாக உளியால் வெட்டினேன். இருபது மெடலிலும் அதே நம்பர், அதே பெயர். அசலில் எழுத்து அச்சுக் குத்தி அடித்தது, பள்ளத்தின் அடி தட்டையாக இருக்கும். என்னுடையது உளி போனது, அடி கூராக இருக்கும். அந்த வித்தியாசம் எனக்கு மட்டும்தான் தெரியும். ரிப்பனுக்குக் காரியக்காரர் வீட்டில் ஒரு பட்டுப்பாவாடைக் கரையைக் கிழித்துக் கொடுத்தார்கள்.

அறுப்புக்கு முதல் நாள் மத்தியானம் காரியக்காரரும் பட்டாளத்தாரும் வந்தார்கள். பட்டாளத்தார் வழக்கம்போல் வாசலில் நின்றார். வரச் சொன்னேன். பலகையில் இருபதும் அடுக்கிக் கிடந்தன. ஒன்றை எடுத்தார், ஓரத்தைத் திருப்பினார். அடுத்ததை எடுத்தார். அடுத்ததை. ஏழெட்டு பார்த்துவிட்டு நிமிர்ந்தார். அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை.

"தம்பி, இது என் நம்பரு. என் பேரு."

"கம்பட்டத்து முத்திரை இல்லீங்களா அண்ணே?"

"நம்பரு ஒருத்தனுக்கு ஒண்ணுதான் தம்பி. செத்தாலும் அடுத்தவனுக்குக் குடுக்க மாட்டாங்க."

அரத்தைக் கையில் எடுத்தேன். "அரம் போட்டு எடுத்துடறேன், பொழுதுக்குள்ள முடிஞ்சிடும்" என்றேன். காரியக்காரர் பலகையிலிருந்ததை எல்லாம் பையில் வாரிக்கொண்டிருந்தார்.

"ஓரத்தை எவன்யா பாக்கப் போறான்? விடியக் கருக்கல்ல அறுப்பு."

"ஐயா, இருபது பேர் செய்யறதுக்கு எனக்கில்ல சிவப்பு மை விழும்?" என்றார் பட்டாளத்தார். ஒருவரை எதிர்த்து அவர் பேசி நான் கேட்டது அது ஒன்றுதான்.

"மனு என் பெட்டியிலதான்யா இருக்கு. நாளன்னிக்குக் கையெழுத்து. நாளைக்கு நீ வடக்கு மதகுல போய் நில்லு. நான் வரச் சொல்ற வரைக்கும் அங்கேருந்து அசையக் கூடாது."

பட்டாளத்தார் இடுப்பிலிருந்த எண்ணெய்த் துணியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு அவர் கேட்டார்.

"உத்தரவுங்களா?"

"உத்தரவுதான், போ."

மறுநாள் காலை வெயில் ஏறுவதற்குள் செய்தி இக்கரைக்கு வந்துவிட்டது. மறிக்க வந்த தெரு ஜனங்களைக் காவல்காரர்கள் அடித்துத் துரத்தியிருக்கிறார்கள். எல்லோரும் ஓடினார்கள். மச்சான் மட்டும் ஓடவில்லை. அறுத்த நெல்தாளின் மேல் அவனைப் போட்டு அடித்ததில் உயிர் அங்கேயே போய்விட்டது. வடக்கு மதகு அங்கிருந்து கூப்பிடு தூரத்துக்கு அப்பால். பட்டாளத்தார் தண்ணீரைப் பார்த்தபடி தனியாக நின்றிருக்கிறார், யாரும் வரச் சொல்லவில்லை என்று.

உச்சி வேளைக்குக் காரியக்காரர் சைக்கிளில் வந்தார். மடியிலிருந்த பையை என் உலை ஓரத்தில் கொட்டினார். மெடல்கள்.

"உருக்கு."

எண்ணினேன். வேலைக்காரன் கை எண்ணாமல் இருக்காது. பத்தொன்பது.

"ஒண்ணு கொறையுதுங்க."

"அது இருக்க வேண்டிய எடத்துல இருக்கு. நீ இதை உருக்கு. யாராச்சும் கேட்டா, நீ செஞ்சது ஒண்ணே ஒண்ணு. பட்டாளத்தான் வந்து கேட்டான், அவனுக்குச் செஞ்சே. புரியுதா? இந்த நாலு சென்ட் உன் பேருக்கு மாறும்."

உலோகம் உருக்கும் கிண்ணமான மூசையில் போட்டேன். துருத்தியை என் மனைவி ஊதினாள். எதற்கென்று அவளுக்குத் தெரியாது. சிங்கத் தலைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கரைந்தன.

மறுநாள் என்னை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். பகல்தான். வேப்பமரத்தடியில் மேஜை போட்டு இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தார். மேஜையில் இரண்டு மெடல். ஒன்று பளபளவென்று, பட்டாளத்தாரின் நெஞ்சிலிருந்து கழற்றிய அசல். இன்னொன்றில் சேறும் ரத்தமும். செத்தவனின் மூடிய கையிலிருந்து எடுத்ததாம். பிடுங்கிய வேகத்தில் மேல்பட்டை இடது பக்கம் வளைந்திருந்தது. காரியக்காரர் பக்கத்தில் நாற்காலியில். பட்டாளத்தார் எதிரே விறைத்து நின்றுகொண்டிருந்தார். கண் மட்டும் வீங்கியிருந்தது. மச்சானைப் பார்த்துவிட்டு வந்திருப்பார் போலிருக்கிறது.

"இது உன் நம்பரா?"

"ஆமாங்க ஐயா."

"உன் பேரா?"

"ஆமாங்க ஐயா."

"செத்தவன் கைக்கு எப்படிப் போச்சு?"

"இதே மாதிரி இருபது செஞ்சாங்க ஐயா. காவலாளுங்க குத்திக்கிட்டாங்க. நான் வடக்கு மதகுல நின்னேன். காரியக்காரர் உத்தரவு."

"நான் எந்த உத்தரவும் போடலீங்களே" என்றார் காரியக்காரர், வெற்றிலையை மடித்தபடி. "இவனுக்கும் மச்சானுக்கும் ஆகாது. ஊருக்கே தெரியும்."

காவலாட்களை லாரி அன்றைக்கே ஏற்றிக்கொண்டு போய்விட்டது. மெடல் குத்தியிருந்தார்கள் என்று தெரு ஜனங்கள் சொன்னதை, கொடி பிடிக்கிறவர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்று தள்ளிவிட்டார்கள். மிச்சம் இருந்தவன் நான். இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார்.

"நீதானே செஞ்சது? எத்தனை?"

நான் பட்டாளத்தாரைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்தேன்.

"ஒண்ணுங்க."

வேப்பமரத்தில் காக்கை ஒன்று கத்திக்கொண்டிருந்தது. பட்டாளத்தார் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் நான் இந்நேரம் மறந்திருப்பேன். என்னை ஏதோ புரிந்துகொள்ளப் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்.

"உத்தரவா தம்பி?"

நான் தலையை ஆட்டினேன். அவரும் தலையை ஆட்டிக்கொண்டார். அதற்குமேல் அவர் என்னைப் பார்க்கவில்லை.

நாலு சென்ட் என் பெயருக்கு வந்தது. இரண்டு ஏக்கர் மனு தள்ளுபடியாகி, வாய்க்கால் கரை பண்ணையோடு சேர்ந்துகொண்டது. அதிக நாள் ஆகவில்லை, குடியிருக்கிறவனுக்கே மனை சொந்தம் என்று சர்க்கார் சட்டம் போட்டுவிட்டது. கொஞ்சம் பொறுத்திருந்தால் அந்த நாலு சென்ட் எனக்குச் சும்மாவே கிடைத்திருக்கும்.

அவருக்கு ஆயுள் போட்டார்கள். ஆனால் சீக்கிரமே விட்டுவிட்டார்கள். நன்னடத்தைக்காக.

வெளியே வந்த வாரம் என் பட்டறைக்கு வந்தார். கொட்டகை போய் ஓடு போட்டிருந்தேன். சரியாக அந்தப் பழைய இடத்திலேயே தெருவில் நின்றார். மீசை நரைத்திருந்தது. வலது கையில் எதையோ மூடிப் பிடித்திருந்தார். நான் உலைக்குப் பின்னால் இருந்தேன். அவர் இருப்பது எனக்குத் தெரிந்தது, நான் இருப்பது அவருக்கும் தெரிந்தது. வாங்க என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் வேண்டியிருந்தது. எனக்கு வாய் வரவில்லை. காலையிலிருந்து உச்சி வரை நின்றார். பிறகு பரேடில் திரும்புகிற மாதிரி திரும்பி நடந்து போய்விட்டார். சில வருஷத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். நான் போகவில்லை.

போன தை மாதம் ஒரு அம்மாள் வந்தாள். அறுபதை நெருங்கும் வயது. டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவளாம். வாசலில் நிற்கவில்லை. நேரே உள்ளே வந்து எதிரே உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறந்து மெடலை என் முன்னால் வைத்தாள்.

"எங்க அப்பாவோடதுங்க ஐயா. பட்டாளத்துல வாங்கினது. எனக்கு ரெண்டு பசங்க, ஆளுக்கு ஒண்ணு வேணும். ஓரத்துல நம்பர் போட மாட்டீங்கன்னு சொன்னாங்க. எங்களுக்கு அந்த நம்பர்தான் வேணும்."

ஓரத்தைத் திருப்பினேன். கண்ணாடி தேவைப்படவில்லை. கட்டை விரலே சொல்லிவிட்டது. எழுத்தின் பள்ளம் தட்டையாக இல்லை, கூராக இருந்தது.

"இந்த மேல்பட்டை மட்டும் வளைஞ்சிருக்கு பாருங்க, இடது பக்கம். அதை நிமித்திக் குடுங்க. அப்பா எல்லாத்தையும் அவ்வளவு பத்திரமா வெச்சிருப்பாரு, இது எப்படி வளைஞ்சுதுன்னே தெரியல. ஜெயில்லேருந்து வந்தப்ப இதைத்தான் அவர் கையில குடுத்தாங்களாம். அப்பா படத்துக்குக் கீழ வெச்சுத் தெனமும் பூ போடறோம்."

அசல் எந்தக் கோர்ட்டு அலமாரியில் கிடக்கிறதோ எனக்குத் தெரியாது. அந்த வீட்டில் இத்தனை வருஷமாகப் பூ வாங்கிக்கொண்டிருந்தது என் கையால் செய்தது. அவள் மாமனை அடித்தவன் சட்டையிலிருந்து பிய்ந்து வந்தது. அன்று வாசலில் உச்சி வரை அவர் மூடிப் பிடித்திருந்தது எது என்றும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"அம்மா, இந்த மெடலுக்கு நான் முன்னாடியே நகல் போட்டிருக்கேன்."

"அப்படிங்களா? எத்தனை?"

அதே கேள்வி. இந்தத் தடவை மேஜையைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

"இருபது. இதுவும் அதுல ஒண்ணு."

முதலில் அவளுக்குப் புரியவில்லை. பிறகு கையிலிருந்த கண்ணாடிக் கூட்டை மெதுவாக மூடினாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன், மூசையில் போட்டதையும், நாலு சென்ட்டையும், வாங்க என்று சொல்லாததையும். முடிந்ததும் சொன்னாள்.

"இருபதுன்னுதான் சாகற வரைக்கும் சொல்லிக்கிட்டிருந்தாரு. எங்க அம்மாகூட நம்பல. தம்பியைக் கொன்னவன்னு கடைசி வரைக்கும் அவருக்குக் கையால சோறு போடல."

அவள் எழுந்தாள். மெடலை எடுத்துக்கொள்ளவில்லை.

"இதை நிமித்த வேணாம். நீங்க சொன்னதை எழுதுங்க. நாலு பேர் படிக்கிற மாதிரி எழுதுங்க."

"எனக்கு எழுத வராதேம்மா."

"வர்றபடி எழுதுங்க."

உத்தரவா என்று கேட்க எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. கேட்டால் இதிலும் நான் தப்பித்துக்கொண்டவன் ஆகிவிடுவேன். வேறு ஒன்று கேட்டேன்.

"அப்பா பேரைப் போடட்டுமாம்மா?"

வாசல்வரை போனவள் நின்று திரும்பினாள்.

"வேணாம். அந்தப் பேர நீங்க இனிமே தொட வேணாம்."